பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்: மாதம் ரூ.1,500 தரும் திறனறித் தேர்வு

பொதுத்தேர்வு முடிந்த கையோடு பழைய புத்தகங்களைக் கட்டி எடைக்குப் போடுவது பல வீடுகளில் வழக்கம். மற்றவை போகட்டும், தமிழ்ப் புத்தகத்தை மட்டும் எடுத்து வையுங்கள். பிளஸ் 1 சேர்ந்த சில மாதங்களில் அதற்கு மறுபடி வேலை வரும்.

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டு முதல் ‘தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு’ என்று ஒன்றை நடத்துகிறது. எழுதத் தகுதி பெற்றவர்கள் பிளஸ் 1 மாணவர்கள். மாநிலம் முழுவதும் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் மாதம் ரூ.1,500 வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறார்கள். தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பணம் வருவது பள்ளிக் கல்வி இயக்ககம் வழியாக.

பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வுகள் நம்மிடம் வேறு சிலவும் உண்டு. 8-ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை மாதம் ரூ.1,000 கிடைக்கும். ஆனால் அதில் பாதி மனத்திறன் கேள்விகள், மீதி கணிதமும் அறிவியலும் சமூக அறிவியலும். கதையும் கவிதையும் வாசிக்கிற பிள்ளை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அங்கேயே ஒதுங்கிவிடுகிறது. வாசிப்பையே தகுதியாக வைத்துப் பணம் தருகிற தேர்வு இந்தத் தமிழ்த் தேர்வுதான்.

கிராமப்புறத்துக்கென்றே ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. 9-ஆம் வகுப்பில் எழுத வேண்டும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வீடு கிராமத்தில் இருந்தால் போதாது, படிக்கும் பள்ளி ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ இருக்க வேண்டும். பேருந்தேறி நகராட்சிப் பள்ளிக்குப் போகிற கிராமத்துப் பிள்ளைக்கு இது கிடையாது. கிடைக்கும் தொகையோ ரூ.1,000, மாதத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்டுக்கு. 4 ஆண்டுக்கும் சேர்த்து ரூ.4,000. இன்றைய விலைவாசிக்கு இதை உதவித்தொகை என்பதைவிடப் பாராட்டுத்தொகை என்று சொல்லலாம்.

தமிழ்த் தேர்வில் இந்தத் தொல்லைகள் இல்லை. வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டாம். பள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியானாலும் சரி, சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ உட்பட. எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் எழுதலாம். உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டோம், தமிழ்த் தேர்வு நமக்கெதற்கு என்று இருந்துவிடக் கூடாது.

இட ஒதுக்கீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1,500 இடங்களில் பாதி, அதாவது 750, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். மீதி 750 தனியார் பள்ளி மாணவர்களுக்கு என்று சிலர் சொல்லக் கேட்கிறோம்; அது தவறு. அந்த 750 பொதுப்போட்டி. அதிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண் அடிப்படையில் இடம் பிடிக்கலாம். ஆக, அரசுப் பள்ளி மாணவருக்கு இரண்டு வாசல், தனியார் பள்ளி மாணவருக்கு ஒன்று.

கேள்விகள் கொள்குறி வகை, அதாவது கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்து குறிப்பது. பாடத்திட்டம் மாநில அரசின் 10-ஆம் வகுப்புத் தமிழ். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கையில் இருப்பது பிளஸ் 1 புத்தகம், மனத்தில் ஓடுவது பிளஸ் 1 பாடம். கேட்கப்போவதோ போன வருடப் புத்தகம். புத்தகம் கைவசம் இல்லாதவர்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். சிபிஎஸ்இ மாணவர்களும் இந்தப் புத்தகத்தைத்தான் படித்தாக வேண்டும்.

‘தமிழ்த் தேர்வு’ என்ற பெயரைக் கேட்டுச் செய்யுளும் இலக்கணமும் மட்டும்தான் என்று நினைத்தால், பாடப்புத்தகத்தைச் சரியாகப் புரட்டவில்லை என்று பொருள். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு பாடம், செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு பாடம், மன்னன் புகழைச் சொல்லும் சோழர் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, எல்லைப் போராட்டத்தைச் சொல்லும் ம.பொ.சி.யின் தன்வரலாறு, விருந்தோம்பல், நிகழ்கலைகள் என்று வரலாறும் கலையும் பண்பாடும் ஒரே அட்டைக்குள் கலந்து கிடக்கின்றன. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரலாறு, கலை, இலக்கியம் போன்ற துறைகளை ஒன்றாகச் சேர்த்துக் கற்பிப்பதைப் பெரிதாகப் பேசுகிறோமே, அதன் சிறு வடிவம் நம் பிள்ளைகளின் பையில் ஓராண்டு கிடந்திருக்கிறது.

கிராமத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. தேவநேயப் பாவாணரின் சொல்லாய்வுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிரின் அடிப்பகுதிக்கு எத்தனை பெயர்கள் என்று அடுக்குகிறார்: நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை. இலைக்கும் அப்படியே: வேம்புக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை. நகரத்துப் பிள்ளை இதை வரிசையாக மனப்பாடம் செய்கிறது. மாட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப்போட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒருமுறை வாசித்தால் போதும். கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து பற்றிய கேள்விகளும் இப்படித்தான். கோயில் கொடையில் விடிய விடியப் பார்த்ததுதானே. ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்கள் ஊரில் ஒரு பொருளுக்கு வேறு பெயர் வழங்கலாம். விடைத்தாளில் புத்தகத்தில் உள்ளதைத்தான் குறிக்க வேண்டும்.

எங்கே மதிப்பெண் போகும் என்றால், நூல்வெளிப் பகுதிகளில். பாடத்தின் ஓரத்தில் நூலையும் ஆசிரியரையும் பற்றிக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போது நெடுவினா, குறுவினா என்று ஓடிக்கொண்டு இதைத் தாண்டிப் போயிருப்போம். சரியான விடையைத் தேர்ந்து குறிக்கச் சொல்லும் தேர்வுக்கு அதுதான் விளைநிலம். ‘தெரிந்து தெளிவோம்’ பகுதியையும் விடாதீர்கள். இலக்கணத்தில் அகப்பொருளின் பொழுதுகள், புறத்திணைகளின் இணைகள் (வெட்சிக்குக் கரந்தை, வஞ்சிக்குக் காஞ்சி, உழிஞைக்கு நொச்சி), பொருள்கோள், யாப்பு, அணி ஆகியவை பொருத்துக, தேர்ந்தெடுக்க வகைக் கேள்விகளுக்குத் தோதானவை.

விண்ணப்பம் எளிது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலிருந்து படிவத்தை எடுத்து நிரப்பி, ரூ.50 கட்டணத்துடன் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவது அவர் பொறுப்பு. மாணவர் நேரடியாக ஏற்ற முடியாது. நுழைவுச்சீட்டும் பள்ளி மூலமாகத்தான் வரும். ஏற்பாடு நல்லதுதான், ஆனால் சுற்றறிக்கை தலைமையாசிரியர் மேசையில் தங்கிவிட்டால் ஒரு பள்ளி முழுவதுமே தேர்வைத் தவறவிடும். குறைவான ஆசிரியர்களோடு ஓடும் பள்ளிகளில் இது நடக்கக்கூடியதே. தேர்வு அக்டோபரில் நடப்பது வழக்கம் என்பதால், ஆகஸ்டு பிறந்ததும் தமிழாசிரியரிடம், ‘ஐயா, திறனறித் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டதா?’ என்று வாரம் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

மையங்கள் மாவட்டத் தலைநகரில் அமைவதால், தொலைவில் இருக்கும் ஊர்க்காரர்கள் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே விசாரித்துவைப்பது நல்லது. மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று நடப்பில் இருக்கட்டும். விண்ணப்பத்திலும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

உதவித்தொகை பிளஸ் 2-வோடு நின்றுவிடும். அதன்பின் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கின்றன. இரண்டிலும் மாதம் ரூ.1,000. பி.ஏ. தமிழோ வரலாறோ எடுத்தாலும் அந்தப் பணம் உண்டு.