பீவருக்குக் கேட்காத குழாய்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் பீவர்கள் அணை கட்டிவிட்டன. தோட்டத்தில் பாதி தண்ணீரில் நிற்கிறது. அணையைப் பிரித்துப் போட்டால் இரண்டே இரவில் மறுபடி கட்டிவிடுகின்றன. என்னதான் செய்வது?

பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள். பீவர் எலி, அணில் போன்ற கொறிக்கும் இனம். 15 முதல் 30 கிலோ வரை எடை இருக்கும். கரையில் மெதுவாகத்தான் நடக்கும், ஓநாயிடமும் கரடியிடமும் எளிதில் மாட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் போய்விட்டால் 15 நிமிடம் வரை மூச்சடக்கும். அதனால் தன் வீட்டு வாசலை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்துக்கொள்கிறது. ஓடையில் அவ்வளவு ஆழம் இல்லையென்றால் அணை கட்டி ஆழத்தை உண்டாக்குகிறது. குளிர்காலத்தில் மேலே பனி உறைந்தாலும், அடியில் சேர்த்து வைத்த கிளைகளைத் தின்று பிழைக்க அந்த ஆழம் வேண்டும். அணை உடைந்தால் வாசல் வெளியே தெரிந்துவிடும். குடும்பமே இரவில் வேலைக்கு இறங்குவது அதனால்தான்.

சரி, இருட்டில் உடைப்பு எங்கே என்று அதற்கு எப்படித் தெரிகிறது? 1960களில் ஸ்வீடன் விலங்கியலாளர் லார்ஸ் வில்சன் பீவர் குட்டிகளைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். யாரும் கற்றுக்கொடுக்காமலே அவை அணை கட்டின. ஓடும் நீரின் ஓசையைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டபோது, நீரே ஓடாத அந்த இடத்திலும் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தன. சலசலப்பு கேட்டால் அடைக்க வேண்டும் என்பது அவற்றின் பிறவிக் குணம். பின்னர் வந்த சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. ஓசையை மட்டுமல்ல, நீர் இழுக்கப்படுவதையும் பீவர் உணர்கிறது. சத்தமில்லாத கசிவைக்கூட கொஞ்ச நாளில் கண்டுபிடித்து அடைத்துவிடுகிறது.

ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு பிராணி குச்சி அடுக்குகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு இன்று நிதி கேட்டால், இதனால் யாருக்கு லாபம் என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியை முதல் தகுதியாக வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தோட்டத்தைக் காப்பாற்றப்போவது இந்த மாதிரி அறிவுதான்.

அணையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஊடாக ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுகிறார்கள். குழாயின் உள்வாய் அணையிலிருந்து பல மீட்டர் தள்ளி, குளத்தின் ஆழத்தில் இருக்கும். அதைச் சுற்றி ஒரு பெரிய கம்பிக் கூண்டு. பீவர் நுழையாதபடி கூண்டின் மேல்பக்கமும் மூடியிருக்கும்.

இந்தக் கூண்டு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பார்த்தால் பீவரை வெளியே நிறுத்தும் வேலி மாதிரித்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள குழாயில் விநாடிக்கு 50 லிட்டர் நீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் வாயின் பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். அப்படியானால் நீரின் வேகம் விநாடிக்கு 70 செ.மீ. பீவரால் உணர முடிகிற இழுப்பு அது. கூண்டு 1.8 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் உயரம் என்றால் அதன் பக்கப் பரப்பு மட்டும் கிட்டத்தட்ட 6.8 சதுர மீட்டர். அதே 50 லிட்டர் இப்போது ஏறக்குறைய நூறு மடங்கு பெரிய வாசல் வழியாக நுழைகிறது. வேகம் விநாடிக்கு ஒரு செ.மீ.க்கும் கீழே போய்விடும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே விதிதான், திசை மட்டும் தலைகீழ். பீவர் கூண்டை ஒட்டி நீந்திப் போனாலும் இழுப்பு தெரியாது. வாய் ஆழத்தில் இருப்பதால் சலசலப்பும் இல்லை. நீர் போய்க்கொண்டே இருக்கிறது, எங்கே போகிறது என்பது மட்டும் அதற்குப் புலப்படுவதில்லை.

குளத்தின் மட்டத்தை முடிவுசெய்வது அணையில் குழாய் படுத்திருக்கும் உயரம். நீர் அதற்கு மேல் ஏறினால் வடிந்துவிடும், கீழே இறங்கினால் வடிவது நிற்கும். இங்கே பேராசைப்படக் கூடாது. ஆழம் ஒரு மீட்டருக்கு வெகுவாகக் குறைந்தால், பீவர்கள் கீழே வேறொரு இடத்தில் புது அணை போட ஆரம்பித்துவிடும்.

இப்படிப்பட்ட குழாய் அமைப்பு ஒன்றைத் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களுக்கு வேறு உத்தி. மெய்ன் மாநிலத்தில் பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் நிலங்களில் பணியாற்றிய ஸ்கிப் லைல் 1990களில் வடிவமைத்தது அது. பாலத்தின் வாயிலிருந்து அகலமாக விரியும் சரிவக வேலி. வேலியை ஒட்டி அடைத்துக்கொண்டே போகும் பீவர், பாலத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். அடைத்து முடிக்க வேண்டிய நீளமும் கூடிக்கொண்டே போகும்.

பிடித்துக் கொன்றுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஓடை என்றால் அடுத்த வருடமே வேறு குடும்பம் வந்துவிடும். இரண்டு வயதான குட்டிகள் பெற்றோரை விட்டுப் புது இடம் தேடிப் புறப்படுவது வழக்கம். காலி இடம் அவற்றுக்காகவே காத்திருக்கும். அதோடு, அந்தக் குளம் வறட்சியில் நீரைத் தாங்கி நிலத்தடிக்கு அனுப்புகிறது, தவளைக்கும் வாத்துக்கும் இடம் கொடுக்கிறது. அதை மொத்தமாக இழப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இடம் பார்த்துத்தான் குழாய் போட வேண்டும். நிலம் தட்டையாக இருந்து, ஓரடி நீர் ஏறினாலே செப்டிக் டேங்க்கும் கிணறும் மூழ்கும் என்றால் குழாயை நம்ப முடியாது. உங்கள் மாநிலத்தில் அணையில் கை வைக்கவே அனுமதி வேண்டும். கிணறோ சாலையோ பாதிக்கப்படும் அவசரம் என்றால் ஊர்ச் சுகாதார வாரியத்திடம் போங்கள். ஈரநிலத்தில் குழாய் பதிப்பதற்கு ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவையும் கேட்க வேண்டும். போட்ட பிறகு வருடத்துக்கு ஓரிரு முறை கூண்டில் சிக்கிய இலைதழைகளை எடுத்துவிடுங்கள். தோட்டத்து மரங்களின் அடியைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். வலை மரத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், மரம் பருக்க இடம் வேண்டும்.