காலையில் வற்றும், மாலையில் ஊறும்

ஏற்காட்டில் ஒரு பிள்ளைக்கு விதைப்பையில் நீர் கோத்து வீங்கினால் பழி முதலில் குளிரின் மேல் விழும், அப்புறம் அழுகையின் மேல். இரண்டும் காரணமல்ல. அந்த வீக்கத்துக்கான வழி பிள்ளை பிறக்கும் முன்பே போடப்பட்டது.

கருவில் விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாம் மாத வாக்கில் அவை தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்கும். வயிற்றின் உள்சவ்வு அதற்கு முன்பே அதே வழியில் விரல்போல நீண்டு விதைப்பைவரை வந்திருக்கும். விதை இறங்கியபின் அந்தச் சவ்வுக்குழாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். நிறையப் பிள்ளைகளுக்குப் பிறந்தபின்தான் மூடுகிறது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்னும் தாமதமாகும்.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் எப்போதும் உண்டு. குழாய் நூலளவு திறந்திருந்தால் போதும், அது கீழே கசியும். பகலெல்லாம் ஓடியாடினால் மாலையில் வீக்கம் பெருக்கும். இரவு படுத்திருந்தால் நீர் மேலே திரும்பி, காலையில் சிறுக்கும். காலையிலும் மாலையிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அளவு மாறவே இல்லையென்றால், குழாய் மூடியபின் நீர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கலாம். அதை உடம்பே மெல்ல உறிஞ்சிவிடும்.

டார்ச் அடித்தால் நீர் சிவப்பாக ஒளிரும். ஆனால் கைக்குழந்தையின் குடலும் அப்படி ஒளிரக்கூடும் என்பதால் வீட்டில் இதைச் செய்து தீர்ப்பு சொல்ல வேண்டாம். அதே குழாய் அகலமாக இருந்தால் குடலே இறங்கிவிடும், அதுதான் குடலிறக்கம். நீர் வீக்கத்துக்கு ஒன்றிரண்டு வயதுவரை பொறுத்துப் பார்க்கலாம். குடலிறக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி போட்டு நீரை எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். வழி திறந்திருக்கும்வரை மறுபடி ஊறும். அதனால்தான் பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் சிறிதாகக் கீறி, குழாயையே கட்டிவிடுகிறார்கள். யானைக்கால் கிருமியால் பெரியவர்களுக்கு வரும் விதைப்பை வீக்கம் வேறு கதை. அதற்கு அறுவை விதைப்பையில்தான்.

திடீர் வலி, வாந்தி, சிவந்து இறுகிய வீக்கம் இருந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், குடல் சிக்கியிருக்கலாம். முறுக்கிய விதையைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான் கெடு. நள்ளிரவானாலும் சரி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் போய்விட வேண்டும்.