கூகுளில் கிடைத்த நம்பர் கம்பெனி நம்பர் அல்ல

"கூகுள்லயே போட்டிருந்துச்சு மேடம்."

பணத்தைப் பறிகொடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் புகார்கள் என் பொறுப்பு. போன வாரமும் ஒருவர் வந்தார். கவுன்ட்டரில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வந்தவர் பூ வியாபாரி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மகளுக்கு ஆன்லைனில் 899 ரூபாய்க்குச் சுடிதார் வாங்கியிருக்கிறார்கள். அளவு சரியில்லை. திருப்பி எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்ன நாளில் யாரும் வரவில்லை. அப்பா போனை எடுத்து, கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துத் தேடி, மேலே வந்த நம்பருக்கு அடித்தார். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். "கவலைப்படாதீங்கண்ணே, இப்பவே ரீஃபண்ட் போட்டுவிடுறேன்" என்று நல்ல தமிழில் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது, இன்ஸ்டால் செய்தார். சரிபார்க்க 5 ரூபாய் அனுப்பச் சொன்னார்கள், யுபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் கணக்கிலிருந்த 47,000 ரூபாயும் போய்விட்டது. சீட்டுப் பணம் அது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விடிகாலையில் மாட்டுத்தாவணியில் சரக்கு எடுத்து, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்து வியாபாரம் செய்கிற மனிதர். நேரில் யாரும் அவரை ஒரு முழம் பூவில்கூட ஏமாற்ற முடியாது. ஆனால் போனில் தெரியும் முதல் வரியை அவர் கேள்வியே இல்லாமல் நம்பினார். "செக் பண்ணித்தானே மேடம் போட்டிருப்பாங்க?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

இல்லை. அப்படி ஒவ்வொன்றையும் யாரும் செக் பண்ணிப் போடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். காளவாசலில் ஒரு சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தால், அதில் எழுதியிருப்பதையெல்லாம் சுவரின் சொந்தக்காரர் சரிபார்த்திருக்கிறார் என்று நினைப்போமா? தேடலில் வருவதும் அப்படித்தான். முதலில் வருவது பல நேரம் விளம்பரம். பக்கத்தில் 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணுக்குப் படாது. காசு கட்டியவர் மேலே வருகிறார், அவ்வளவுதான். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போனாலும் நிம்மதி இல்லை. கூகுள் மேப்பில் ஒரு கடைக்கோ, லாட்ஜுக்கோ, வங்கிக் கிளைக்கோ போட்டிருக்கும் போன் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். வங்கிக் கிளைகளின் நம்பரையே இப்படி மாற்றி வைத்து மோசடி செய்த சம்பவங்கள் 2018-லேயே மகாராஷ்டிரத்தில் செய்தியாக வந்தன. அப்புறம், கேள்வி பதில் தளங்களிலும் கடை விமர்சனங்களிலும் 'கஸ்டமர் கேர்' என்று எழுதிப் பொய் நம்பரை ஊர் முழுக்கத் தூவி வைத்திருக்கிறார்கள். இப்போது தேடியதும் ஏஐ ஒரு பத்தியில் சுருக்கிப் பதில் தருகிறதே, அதுவும் இந்தப் பக்கங்களையெல்லாம் படித்துத்தான் சொல்கிறது. பதில் எவ்வளவு நறுக்கென்று இருந்தாலும் நம்பர் பொய்யாக இருக்கலாம்.

இன்னொன்று. கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தில் "என் பணம் வரவில்லை" என்று நீங்கள் எழுதினால், சில நிமிடத்தில் அதே லோகோ வைத்த ஒரு கணக்கு, உதவட்டுமா என்று வந்து நிற்கும். நீங்கள் அதைத் தேடிப் போகவில்லை, அது உங்களைத் தேடி வந்தது. பதில் சொல்லாதீர்கள்.

சரி, நம்பருக்கு எங்கே போவது? பொருள் வாங்கிய ஆப்புக்குள்ளேயே உதவிப் பகுதி இருக்கிறது, ஆர்டரைத் தொட்டாலே வரும். வங்கி நம்பர் உங்கள் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்றால் பில்லில், வாரண்டி அட்டையில், பெட்டியின் மேலேயே இருக்கும். வங்கியின் இணைய முகவரி என்றால் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அது முகவரியின் முடிவில் இருக்க வேண்டும், நடுவில் எங்காவது இருந்தால் அது வேறு ஆள். அரசாங்கத் தளமானால் முடிவில் 'டாட் கவ் டாட் இன்' (.gov.in). வங்கிகள் தம் வாடிக்கையாளர்களைச் சேவைக்காக அழைப்பதற்கென்றே 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைலில் இருந்து "பேங்க்கில இருந்து பேசுறேன்" என்றால் வைத்துவிட்டு, கார்டில் இருக்கும் நம்பருக்கு நீங்களே அடியுங்கள்.

உங்களுக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. யுபிஐ பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும், அல்லது இருப்பு எவ்வளவு என்று தெரியும். உள்ளே வருவதற்கு எதையும் போடவும் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ரீஃபண்டுக்காக பின் நம்பர் கேட்டால் அந்த நொடியே போனை வையுங்கள். யாராவது ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல், அனுப்பினால் திறக்காதீர்கள், அது கல்யாணப் பத்திரிகை என்றாலும் போக்குவரத்து அபராதம் என்றாலும். "ஓடிபியை நான் யாருக்கும் சொல்லலையே" என்கிறார்கள். அந்த ஃபைல் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கிறபோது நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பயணத்திலும் இதே கதை. பாண்டியனிலோ வைகையிலோ சென்னைக்குப் போட்ட இ-டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் மொத்தமாக வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால், அது தானாக ரத்தாகும். பிடித்தம் போக மீதி, பணம் கட்டிய அதே கணக்குக்குத் திரும்பும். அதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். சில நாள் பொறுக்காமல் ரீஃபண்ட் நம்பர் தேடுகிற அவசரத்தில்தான் ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்காக லட்சத்தைத் தொலைக்கிறார்கள். கட்டாயம் பேச வேண்டுமென்றால் ரயில்வேக்கு 139, ஐஆர்சிடிசிக்கு 14646. ராமேஸ்வரத்தில் ரூம் போடுகிறவர்கள், மேப்பில் இருக்கும் நம்பருக்கு முழு வாடகையை முன்கூட்டி அனுப்பாதீர்கள். வடக்கே கோயில் யாத்திரை போகும் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும்தான். போலித் தளங்களைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவே 2025 ஏப்ரலில் எச்சரித்தது.

ராத்திரி 9.30-க்குக் கரண்ட்டைத் துண்டிப்போம் என்று மெசேஜ் வந்தால் அதிலுள்ள நம்பருக்கு அடிக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க டோக்கன் போட 10 ரூபாய் கட்டச் சொல்லி லிங்க் அனுப்புவதும் இதே ஆட்கள்தான். தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வைத்தியத்துக்கு மதுரை வருகிறவர்கள், பழைய மருந்துச் சீட்டில் அச்சடித்திருக்கும் நம்பரையே பயன்படுத்துங்கள்.

பணம் போய்விட்டால்? முதலில் நெட்டை அணையுங்கள். இன்னொருவர் போனில் இருந்து, சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அதே போனில் வங்கிக்கும் அடித்துக் கணக்கை முடக்குங்கள். பிறகு கிளைக்கு வரலாம். நேராகக் கிளைக்கே வருகிறார்கள், அதுவும் மறுநாள் பத்து மணிக்கு. ராத்திரி முழுக்க அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறி, கடைசியில் எங்கோ ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்திருக்கும். 1930-இல் பதிவானால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தகவல் போகும். கணக்கில் மிச்சம் இருப்பதைத்தான் பிடித்து வைக்க முடியும்.

"மூணு நாளுக்குள்ள சொன்னா பேங்க் முழுப் பணமும் தரணுமாமே" என்று பலர் பேப்பர் கட்டிங்கோடு வருகிறார்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அந்த விதி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்கிற சூழ்நிலைக்கானது. மூன்று வேலை நாள் கணக்கு அங்கேதான். தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் சொல்லாவிட்டாலும் பொறுப்பு வங்கிக்கு. நீங்களே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். பின் போட்டு நடந்த பரிவர்த்தனையை எங்கள் பதிவேடு நீங்கள் செய்ததாகவே காட்டும். இதைச் சொல்லும்போது எதிரில் இருக்கும் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. கிளை தரும் பதில் சரியில்லை என்றாலோ, 30 நாளில் பதிலே வரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான எண் 14448.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவோ அம்மாவோ இப்படி ஏமாந்து வந்தால் திட்டாதீர்கள். அந்தப் பூ வியாபாரி மறுநாள்தான் வந்தார். மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு ராத்திரி முழுக்க மறைத்திருக்கிறார். திட்டுக்குப் பயந்து மறைக்கும் அந்த நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது.

கிளைக்கு வரும்போது ஒவ்வொரு பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ எண், நேரம், நீங்கள் பேசிய நம்பர், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், 1930-இல் கொடுத்த புகார் எண் எல்லாம் எடுத்து வாருங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிட வேண்டாம். போனை ரீசெட் செய்வதையும் இவற்றை எடுத்து வைத்த பிறகு செய்யலாம்.

புகார் கொடுத்த சில நாளில், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு அழைப்பு வரலாம். அல்லது பணத்தை மீட்க நீங்களே கூகுளில் வக்கீல் நம்பர் தேடலாம். இரண்டிலும் அதே கும்பல்தான் காத்திருக்கிறது. 1930-க்கும் கட்டணம் இல்லை, அரசின் சைபர் கிரைம் புகார்த் தளத்துக்கும் இல்லை, குறைதீர்ப்பாளருக்கும் இல்லை. மீட்டுத் தர முன்பணம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், அந்த நம்பரையும் சேர்த்துப் போலீஸில் கொடுங்கள்.