கிரவுனுக்குள் கடல் புகும் வழி

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் அலைநீரும்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பும் வேனும்தான் தனுஷ்கோடிக்குப் போய்வந்தன. இன்றும் கரையோரம் வண்டி இறக்குபவர்கள், "சக்கரம் பாதிதானே நனைஞ்சுது, ஆயிலுக்கு என்ன ஆகும்?" என்பார்கள். ஆகும்.

இவ்வகை வண்டியில் இன்ஜின் ஆயில் போக இன்னும் நான்கு இடங்களில் ஆயில் உண்டு: கியர்பாக்ஸ், இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவே இருந்து இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டிகள்). மணலில் திணறி வந்த கிரவுனின் ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, கொதிக்கும். உள்ளே ஆயிலுக்கு மேலே காற்று. 80 டிகிரியில் இருந்த அந்தக் காற்று கடல்நீர் பட்டு 30-க்கு இறங்கினால், அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹவுசிங் தலையில் பிரீதர் என்ற மூச்சுத்துளை இருக்கிறது. அதில் மணல் அடைத்திருந்தால் ஹவுசிங் ஆயில் சீல் இடுக்கு வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் வெளியே கசியாமல் பிடிப்பதுதான் அந்த சீலின் முதல் வேலை. வெளியிலிருந்து இழுபடும் நீரை அதே உறுதியோடு மறிக்காது.

கூட்டுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற இரு பல்சக்கரங்களும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த நெருக்கலைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 ஆயில் ஊற்றுகிறோம். நீர் சேர்ந்தால் பற்களுக்கு நடுவே ஆயில் படலம் நிற்காது. உப்பு பேரிங்கைக் குழிகுழியாக அரித்துவிடும். (கியர்பாக்ஸுக்கும் அதே ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்; சில வண்டிகளில் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது. கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.)

கடலில் இறங்கிய மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன் பாருங்கள். சமதரை வேண்டும். முதலில் ஹவுசிங்கில் ஆயில் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்றுங்கள். ஆயிலை வடித்தபின் அந்த நட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். பிறகு ஆயில் வடிக்கும் அடி நட்டைச் சற்றே தளர்த்துங்கள். கடல்நீர் ஆயிலைவிடக் கனம், ராத்திரி முழுக்க அடியில் இறங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஓட்டத்தில் கடைபட்டுக் கலந்திருந்தால் பிரியாது, பால் விட்ட டீ நிறத்தில் வரும். எப்படி வந்தாலும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

அடி நட்டில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். மை போன்ற பொடி இயல்பான தேய்மானம். சில்லு தென்பட்டால் ஹவுசிங்கைப் பிரித்தாக வேண்டும். புது ஆயிலை, ஊற்றும் துளையின் உதட்டில் வழியும்வரை விடுங்கள். பழையதைக் கேனில் பிடித்து வையுங்கள். மணலில் கொட்டினால் அது பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் கடலுக்குத்தான் போய்ச் சேரும்.

அப்படியே பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை இன்ஜின் அறையின் உயரத்தில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை ஹவுசிங் குளிரும்போது அது இழுப்பது காற்றாக இருக்கும்.