கல்லறையைத் "தீட்டுப்படுத்த" முடியாது

எங்கயாவது கல்லறைத் தோட்டத்துல புகுந்து கல்லை உடைச்சாங்க, பெயிண்ட் அடிச்சாங்கன்னு செய்தி வந்தா போதும், தமிழ்ல உடனே "கல்லறைகள் தீட்டுப்படுத்தப்பட்டன"ன்னு போட்டுடறாங்க. படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.

இங்கிலீஷ்ல இதுக்கு ரெண்டு சொல் புழங்குது. டெசக்ரேஷன் லத்தீன் வேர், புனிதமா வெச்சதோட புனிதத்தை எடுக்கறது. வேண்டலிசம்னா வேணும்னே உடைச்சு நாசம் பண்றது, கி.பி. 455ல ரோமைக் கொள்ளையடிச்ச வேண்டல்ங்கற ஜெர்மானிய இனக் கூட்டத்தோட பேர்லேர்ந்து வந்தது. ஆனா சொல்லா உருவானது 1794ல, பிரெஞ்சுப் புரட்சியில நினைவுச்சின்னங்களை உடைக்கறதைக் கண்டிச்சு கிரெகுவார்ங்கற ஆயர் எழுதினப்போ. அதுக்கு முந்தின வருஷம்தான் பாரிஸ் பக்கத்துல இருக்கற சேன் தெனி ஆலயத்துல பிரெஞ்சு ராஜாக்களோட கல்லறையைத் தோண்டி எலும்பையெல்லாம் குழியில கொட்டியிருந்தாங்க.

இப்ப தீட்டுக்கு வருவோம். இந்த வினை பைபிள் மொழிபெயர்ப்புலதான் நிறைய வரும். அதே பைபிள்ல எண்ணாகமம் 19ஐ எடுத்துப் பாருங்க, கல்லறையைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு. அதாவது அங்க கல்லறைதான் ஆளைத் தீட்டாக்குது, ஆள் கல்லறையை இல்ல. நம்ம பேச்சுலயும் அப்படித்தானே, சாவுத்தீட்டுன்னு சொல்றோம், சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்தா தலை முழுகறோம், அப்புறம் அந்த இடத்தையே ஒருத்தன் தீட்டாக்கிட்டான்னா என்ன அர்த்தம்? அதைவிட மோசம், தீட்டுன்னா ஒருத்தன் உள்ள வந்தாலே பட்டுடும், அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மனுஷனை மனுஷன் ஒதுக்கி வெச்ச சொல் அது. குத்தவாளி என்ன செஞ்சான்னு சொல்லவேண்டிய இடத்துல இந்தச் சொல்லை வெக்கறதை என்னால ஏத்துக்க முடியல.

சட்டமும் தீட்டைப் பத்திப் பேசல. இந்திய தண்டனைச் சட்டம் 1860ல பிரிவு 295 வழிபாட்டு இடத்தை உடைக்கறது, களங்கப்படுத்தறதைச் சொல்லுச்சு. அடக்க இடத்துக்குத் தனியா வர்ற 297ல களங்கம்ங்கற பேச்சே கிடையாது. பிறர் மனசைப் புண்படுத்தணும், மதத்தை அவமதிக்கணும்ங்கற நோக்கத்தோட அத்துமீறி நுழையறது, பிணத்துக்கு இழிவு செய்யறது, ஈமச்சடங்குக்குக் கூடினவங்களுக்கு இடைஞ்சல் பண்றது, இதுக்கு ஒரு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1லேர்ந்து இதுவே, அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 301. ஜெர்மன்காரங்க தங்க தண்டனைச் சட்டத்துல பிரிவு 168க்கு வெச்ச தலைப்பே "இறந்தோர் அமைதியைக் குலைத்தல்", மூணு வருஷம் வரை போகும். பிரான்ஸ்ல கல்லறைக் குத்தம் மனித மாண்புக்கு எதிரான குத்தங்கள்ங்கற அத்தியாயத்துல இருக்கு.

மாண்புன்னா அதுக்கு எதிர்ப்பக்கம் இழிவு. அதனால "கல்லறைகளை இழிவுபடுத்தினர்", பெயர்ச்சொல் வேணும்னா "கல்லறை இழிப்பு". கல்லு உடைஞ்சிருந்தா "சிதைத்தனர்"னு கூடவே எழுதுங்க, ஏன்னா எதையும் உடைக்காம வெறுப்புச் சின்னத்தை வரைஞ்சுட்டுப் போறதும் உண்டு, அங்க "சேதம்" மட்டும் எழுதினா விஷயமே போயிடும். "புனிதக்கேடு"ன்னு சில தூயதமிழ்க்காரங்க சொல்றாங்க, சொல் அழகுதான், ஆனா கடவுள் நம்பிக்கை இல்லாதவனோட கல்லறைக்கும் பாதுகாப்பு உண்டே, அங்க எந்தப் புனிதம் கெட்டுச்சு? "நாசவேலை" வேணவே வேணாம், அது தண்டவாளத்துல குண்டு வெக்கறவன் வேலை.

இன்னொண்ணு, "யூதர்களின் சுடுகாடு"ன்னு எழுதறதையாவது நிறுத்துங்க. அவங்க மரபு புதைக்கறது, எரிக்கறது இல்ல. இடுகாடுன்னு ஒரு நல்ல சொல் இருக்கும்போது அதை விட்டுட்டு ஏன் இப்படி? சொல்லுக்குள்ளயே "சுடு"ன்னு இருக்கே, மொழிபெயர்க்கறவங்க அதைக்கூடப் பாக்க மாட்டாங்களா?