டியூனிங்: கொதிகலனுக்குச் சுருதி சேர்ப்பது

அனல்மின் நிலையத்தில் "பாய்லர் டியூனிங் நடக்குது" என்றால் எதுவோ உடைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனில் நிலக்கரித் தூளும் காற்றும் சேரவேண்டிய அளவில், சேரவேண்டிய இடத்தில் சேர்ந்து எரிகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிற வேலை அது. புகையில் மாசு குறைய வேண்டும்; கரியும் வீணாகக் கூடாது.

ஆங்கிலத்தில் 'டியூன்' என்பது 'டோன்' என்பதன் திரிபு. அது லத்தீன் வழியாகக் கிரேக்க 'டோனோஸ்' வரை போகிறது. டோனோஸ் என்றால் இழுத்துக் கட்டிய விறைப்பு. நரம்பின் விறைப்புக்கு இருந்த பெயர் அதன் ஒலிக்கு வந்து, அப்புறம் ரேடியோவுக்கும் எஞ்சினுக்கும் பரவிவிட்டது.

கொதிகலனுக்கு இந்த இசைச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. விறகடுப்பில் ஊதுகுழல் பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: காற்று குறைந்தால் அடுப்பு புகையும். கொதிகலனிலும் அதே கதைதான். காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும், எரியாத கரி கலந்து சாம்பல் கறுத்து வரும். அதற்காகத்தான் கணக்குப்படி தேவையானதைவிட 15 முதல் 20 சதவீதம் காற்று கூடுதலாக விடுகிறார்கள். அதற்கும் மேலே போனால், வேண்டாத காற்றையெல்லாம் சூடாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்புவதாக ஆகிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசும் ஏறும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கரியை அரைக்கும் மில்லும் சரியாக இருக்க வேண்டும். 75 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் தூள் ஏறக்குறைய 70 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. தூள் கொரகொரப்பாக இருந்தால் எவ்வளவு காற்று கொடுத்தும் பயனில்லை. நான்கு மூலையிலிருந்தும் ஊதி நடுவில் தீப்பந்து சுழலும் உலைகளில், ஒரு மூலைக்குத் தூள் அதிகமாகப் போனால் தீ ஒரு சுவர்ப் பக்கம் சாயும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கக் கீழே காற்றைச் சுருக்கி மீதியைத் தீக்கு மேலே விடலாம். அளவு மீறினால் சாம்பலில் மறுபடி கரி. ஒரு நரம்பை முறுக்கினால் இன்னொன்று இறங்குகிற கதை.

ஆனால் கந்தக டையாக்சைடு என்ற மாசு மட்டும் டியூனிங்கால் குறையாது. கந்தகம் கரியிலேயே இருப்பது; எப்படி எரித்தாலும் வெளியே வரும். அதைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சீரமைப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, கெட்டுப்போனதைத்தான் சீரமைப்போம். 'ஒத்திசைவு' இயற்பியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'சுருதி சேர்த்தல்' பேச்சுக்கு அழகு, அறிக்கைக்கு ஒட்டாது. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழைக் கையாளும் எட்டு வகையில் முதலாவதாக வருவது 'பண்ணல்', அதாவது பாடும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இறுக்கிச் சுருதி சேர்ப்பது. அருமையான சொல்தான், ஆனால் இன்றைக்குப் "பாய்லரைப் பண்ணினோம்" என்றால் "என்ன பண்ணினீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

என் தேர்வு 'இசைவாக்கம்'. இசையும் இருக்கிறது, ஒன்றோடொன்று இசைந்து போவதும் இருக்கிறது. ஆலைக்குள் டியூனிங் என்றே சொல்லட்டும். எழுதும்போது இப்படி எழுதலாம்: "மில் மாற்றியபின் எரிப்பு இசைவாக்கம் செய்யப்பட்டது, சாம்பலில் எரியாத கரி குறைந்தது."