உரிம எண் தரச்சான்று அல்ல

"லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கிறதே, அப்புறம் எப்படி சார் இது கலப்படமாக இருக்கும்?" என்ற கேள்வியை உணவுப் பாதுகாப்பு அலுவலராக மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் கடை ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் கேட்டுச் சலித்துவிட்டேன். அண்மையில் நல்லெண்ணெய் என்று நம்பி வாங்கிய பாட்டிலோடு வந்த ஓர் அம்மாவும் இதையேதான் கேட்டார். அந்த பாட்டிலில் எள்ளின் படம் பெரிதாக இருந்தது. அது பல எண்ணெய்களின் கலப்பு என்ற செய்தியோ கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் பின்பக்கத்தில் ஒதுங்கியிருந்தது.

உணவுப் பாக்கெட்டில் அச்சிடும் அந்த 14 இலக்க உரிம எண், பொருளை அரசு சோதித்துப் பார்த்ததற்கான முத்திரை அல்ல. தயாரிப்பவர் அல்லது விற்பவர் தம் தொழிலை அரசிடம் தெரிவித்திருக்கிறார் என்பதற்கு மட்டுமே அது அடையாளம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தொழிலுக்கான பதிவு. நீங்கள் கையில் வைத்திருக்கும் பாக்கெட்டை எந்த அலுவலரும் எந்த ஆய்வகமும் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அந்த எண் செல்லுபடியாகும் எண்தானா என்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் சரிபார்க்கலாம். வேறொருவருடைய எண்ணை அச்சிட்டவர்களையும் பார்த்திருக்கிறோம்.

கலப்படம் என்று ஊரார் ஒரே சொல்லால் குறிப்பதைச் சட்டம் பிரித்தே பார்க்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி தவறான விவரச்சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும், தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. இவ்விரண்டையும் விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். உண்பவருக்குத் தீங்கு விளைவிக்கும் பாதுகாப்பற்ற உணவு மட்டுமே குற்றவியல் நீதிமன்றத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் போகும். "ஏன் சார் இன்னும் கைது பண்ணலை?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்பின் கதை இன்னும் வேடிக்கை. வேதாரண்யத்தில் உப்பு விளையும் இந்தப் பகுதியிலேயே, அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட பாக்கெட்டில் பெயருக்குக்கூட அயோடின் இல்லாமல் கிடைக்கிறது. சில்லறைக் கடையில் விற்கும்போது 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது விதி. "நம்ம ஊர் உப்புதானே" என்ற கடைக்காரரின் பதில் சட்டத்தின் முன் எடுபடாது.

தயவுசெய்து பாதி தின்ற பாக்கெட்டை எங்களிடம் கொண்டுவராதீர்கள். பிரித்துவிட்ட பொருளை வைத்து வழக்கு நிற்காது. நாங்கள் எடுக்கும் மாதிரியே நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடப்பட வேண்டும். நீங்களே சோதிக்க விரும்பினால் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடமளிக்கிறது: கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம், டெல்டாவுக்குத் தஞ்சாவூரிலேயே அரசு ஆய்வகம் இருக்கிறது. ஆனால் சோதனைக்காக வாங்குகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்பதை நிலைநாட்டவே திண்டாட வேண்டியிருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மாதிரி எடுக்கும்போது சாட்சிக் கையெழுத்துக்கு ஆளைத் தேடினால், அதுவரை சுற்றி நின்று எங்களுக்கு யோசனை சொன்ன கூட்டம் கலைந்துவிடுகிறது. அடுத்த முறை யாராவது ஒருவர் நின்று கையெழுத்துப் போடுங்கள்.